விண்ணளந்த அறிவும் சொல்லறிந்த ஆட்சியும்

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் ஒன்றின் விழா மேடையில் விண்வெளி ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் வினா எழுவது இயல்பே. கவிஞர்க்கு நிலவு உவமை. அறிவியலார்க்கு அது ஆய்வுப்பொருள். ஆட்சியாளர்க்கோ அது வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு செலவினம். இம்மூவரும் ஒரே நிலவைப் பார்ப்பவர் எனினும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாமலேயே காலம் கழிவதுண்டு. ஆயினும் மூவர் பார்வையும் ஓரிடத்தில் கூடிய காலங்கள் வரலாற்றில் உள்ளன. ஆட்சியில் இருந்தவரே எழுத்தறிந்தவராகவும், வானை நோக்கும் அறிவுக்கு வாயில் திறந்தவராகவும் விளங்கிய காலங்கள் அவை. அத்தகைய ஆட்சி நாட்டுக்கு எதைத் தந்தது, எதைத் தரத் தவறியது என்பதை எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

நலங்கிள்ளியின் அவை

தொடக்கம் தமிழிலேயே கிடைக்கிறது. சோழன் நலங்கிள்ளியைப் புறநானூறு அறிந்தோர் அறிவர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் அவன்மேல் பாடிய பாடல்களுள் ஒன்று ஞாயிறு செல்லும் வழியையும், அதன் விரைவையும், அது சூழும் வட்டத்தையும், காற்று இயங்கும் திசையையும், தாங்குவது ஒன்றும் இன்றி நிற்கும் வானத்தையும் நேரில் சென்று அளந்து வந்தவர் போலச் சொல்ல வல்லோர் தமிழகத்தில் இருந்தனர் என்று கூறுகின்றது. அவர்தம் கணக்குகள் எவ்வளவு சரியானவை என்பது வேறு வினா. அப்படிப்பட்ட அறிவுத்துறை ஒன்று இருந்தது என்பதும், அது அரசவையில் பேசத்தக்க பொருளாக மதிக்கப்பட்டது என்பதும் கருதத்தக்கன.

அப்பாடல் அங்கே நின்றுவிடவில்லை. வானை அளந்த அவ்வறிஞரும் அளந்தறிய இயலாதபடி தன் வலிமையை உள்ளடக்கி வைத்திருப்பவன் என்று அரசனைப் புகழ்கிறது. வீசுதற்குரிய கல்லைக் கவுளிலே மறைத்து வைத்திருக்கும் யானை அங்கே உவமையாகின்றது. வானநூல் அறிவையும் ஆட்சியாளனின் அடக்கத்தையும் ஒரே பாட்டில் இணைத்த புலமை இது.

அதே புலவர் அதே அரசனுக்குப் பாடிய வேறொரு பாடலில், புகழொடு வாழ்ந்தோர் ஓட்டுவார் இன்றித் தானே இயங்கும் வானவூர்தியை எய்துவர் என்ற செய்தி வருகிறது. இதைக் காட்டி, தமிழர் அன்றே விண்கலம் சமைத்தனர் என்று முழங்குவோர் உண்டு. அம்முழக்கம் பாட்டின் பெருமையைக் குறைப்பதாகும். பாட்டு சொல்ல வந்தது வேறு. வளர்தலும் தேய்தலும், பிறத்தலும் மறைதலும் உண்டு என்பதைக் கல்லாதார்க்கும் காட்டியவாறு திங்கள் வானில் உலவுகிறது. ஆதலின் வருந்தி வந்தவர்க்கு அருள்க என்பதே அரசனுக்கு அங்கே சொல்லப்பட்ட அறிவுரை. நிலவை ஆட்சியாளனுக்கு ஆசிரியனாக நிறுத்திய பாடல் அது.

நலங்கிள்ளி கேட்டவன் மட்டுமல்லன், பாடியவனும் ஆவான். அவன் பெயரில் புறநானூற்றில் பாடல்கள் உள்ளன. முன்னோர் இறக்க உரிமையால் அரசு வந்தது என்ற அளவிலே மகிழ்ந்து குடிகளிடம் இரந்து நிற்கும் சிறியோனுக்கு ஆட்சி பெருஞ்சுமை. தகுதியுடையோன் கையில் அதுவே உலர்ந்த நெட்டி போல எளியது என்று எழுதியவன் அவன். அதிகாரத்தின் எடையைத் தானே தூக்கிப் பார்த்துச் சொன்ன சொல் ஆதலால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால் இந்த அரசன் தவறாதவனா? அல்லன். நெடுங்கிள்ளியோடு அவன் பொருதான். சோழன் கோட்டையைச் சோழனே முற்றினான். அப்போது கோவூர் கிழார் இருவரையும் நோக்கி, உங்கள் எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று இடித்துரைத்தார். நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்குச் சென்ற இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது அவ்வுயிரைக் காத்ததும் கோவூர் கிழார் பாட்டே ஆகும். கற்ற அரசர் வாழ்ந்த காலத்திலும் புலவன் உயிர் ஒரு சொல்லில் ஊசலாடியது என்பதை மறத்தல் கூடாது.

சமர்கந்தின் பாடம்

அறிவுடைமை ஆட்சியைக் காப்பாற்றப் போதுமா என்பதற்கு நடுவண் ஆசியாவிலிருந்து ஒரு சான்று உண்டு. தைமூரின் பேரன் உலூக் பெக் பதினைந்தாம் நூற்றாண்டில் சமர்கந்தை ஆண்டவர். அவர் எழுப்பிய வானாய்வகத்தில் ஏறத்தாழ 40 மீட்டர் ஆரமுள்ள கோணமானி ஒன்று மலையைக் குடைந்து அமைக்கப்பட்டிருந்தது. தொலைநோக்கி பிறவாத அக்காலத்தில் வெறுங்கண்ணால் நோக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்களைத் தொகுத்து 1437ஆம் ஆண்டு அட்டவணை ஒன்று உருவாக்கப்பட்டது. அரசர் பொருளுதவியோடு நின்றவர் அல்லர், தாமே கணக்கிட்டவர்.

1449ஆம் ஆண்டு அவர் தம் மகனின் ஏவலால் கொல்லப்பட்டார். வானாய்வகம் அழிந்தது. அதன் அடித்தளம் 1908ஆம் ஆண்டில்தான் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. ஆயினும் அவருடைய மாணவர் அலி குஷ்ஜி போன்றோரால் அவ்வறிவு மேற்கே சென்றது. 1665ஆம் ஆண்டு ஆக்சுபோர்டில் அந்த அட்டவணை அச்சேறியது. அரண்மனை காக்காததை ஏடு காத்தது.

இதிலிருந்து பெறத்தக்க பாடம் இரண்டு. விண்மீனின் இடத்தைத் துல்லியமாக அறிந்தவர் தம் அவையில் தமக்கெதிரே எழுந்த பகையின் இடத்தை அறியாதிருத்தல் கூடும் என்பது ஒன்று. ஓர் அரசனின் ஆயுளோடு கட்டப்பட்ட அறிவுக்கூடம் அவனோடே சாயும் என்பது மற்றொன்று. அறிவைப் பேணும் ஆட்சியாளன் தனக்குப் பின்னும் அது நிற்குமாறு நிறுவனமாக அமைத்துச் செல்லுதல் வேண்டும்.

மகளுக்குச் சென்ற மடல்கள்

இந்தியக் குடியரசின் வரலாற்றில் இந்த இரண்டாம் பாடத்தைக் கற்றவராகச் சவகர்லால் நேருவைக் குறிப்பிடலாம். 1928ஆம் ஆண்டு கோடையில் பத்து வயதுச் சிறுமியான இந்திரா முசௌரியில் இருந்தார். சமவெளியில் இருந்த தந்தை அவருக்கு மடல்கள் வரைந்தார். அரசர் பெயர்களையும் போர் நாள்களையும் கொண்டு தொடங்காமல், கல்லும் மலையும் ஒரு நூலின் ஏடுகள் என்றும், இவ்வுலகம் எவ்வாறு தோன்றியது என்றும் சொல்லித் தொடங்கியமை அம்மடல்களின் சிறப்பு. 1929ஆம் ஆண்டு அவை நூலாயின. இந்தியில் அவற்றைப் பெயர்த்தவர் பிரேம்சந்த் என்பது இலக்கியவாணர் மகிழத்தக்க செய்தி.

பின்னர் அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் எழுதப்பட்டு 1946இல் வெளிவந்த இந்திய வரலாற்று நூலில் அறிவியல் மனப்பான்மை என்ற கருத்தை அவர் வற்புறுத்தினார். எதையும் ஆய்ந்து ஏற்றலும், புதிய சான்று கிடைப்பின் பழைய முடிவை மாற்றிக்கொள்ளலும் ஒரு வாழ்க்கைமுறை என்பது அதன் சாரம். எழுதிய கருத்து 1958இல் அரசின் அறிவியல் கொள்கைத் தீர்மானமாக உருப்பெற்றது. 1962இல் விக்ரம் சாராபாய் தலைமையில் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைந்தது. எழுத்தில் கண்டதை நிறுவனமாக்கிய ஆட்சி அது.

மடல் பெற்ற மகள் பின்னாளில் தலைமை அமைச்சரானார். 1969இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் பிறந்ததும், 1975 ஏப்ரல் 19 அன்று ஆரியபட்டா சோவியத் ஏவுகலத்தில் விண்ணேறியதும் அவர் காலத்திலேயே. 1984 ஏப்ரலில் விண்ணில் இருந்த ராகேஷ் சர்மாவிடம், மேலிருந்து பார்க்க இந்தியா எப்படித் தோன்றுகிறது என்று அவர் வினவினார். உலகம் தோன்றிய கதையைத் தந்தையின் மடலில் படித்த சிறுமி, ஐம்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அவ்வுலகை வெளியிலிருந்து காண்பவரிடம் வினவிய வினா அது. சர்மா விடையாகக் கூறியது அறிவியற் குறிப்பன்று. கவிஞர் இக்பாலின் புகழ்பெற்ற நாட்டுப்பாடலின் அடி ஒன்று. விண்வெளிக்குச் சென்ற முதல் இந்தியருக்கு அந்நொடியில் துணைநின்றது ஒரு கவிதையே.

இப்பெருமையின் மறுபக்கத்தையும் சொல்லுதல் கடமை. பேச்சுரிமைக்கு வரம்புகளைக் கூட்டிய அரசியலமைப்பின் முதல் திருத்தத்தை 1951இல் கொணர்ந்தவர் எழுத்தாளரான நேருவே. ஆரியபட்டா விண்ணேறிய இரண்டு திங்களில், 1975 சூன் 25 அன்று, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இதழ்கள் தணிக்கைக்கு உள்ளாயின. அதே ஆண்டு ஆகத்துத் திங்களில் அமெரிக்கச் செயற்கைக்கோளின் துணையோடு ஏறத்தாழ 2400 சிற்றூர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி சென்றது. உழவுக்கும் உடல்நலத்துக்கும் பயன்பட்ட அரிய முயற்சி அது, உலகமே வியந்தது. ஆயினும் விண்ணிலிருந்து சிற்றூர்க்குச் சொல் இறங்கிய அந்த ஆண்டில், சிற்றூரிலிருந்து தலைநகர்க்குச் சொல் ஏற வழியில்லாதிருந்தது. வானம் திறந்ததனால் மட்டும் வாய் திறந்துவிடுவதில்லை.

கடற்கரையில் ஒரு கோயில்

விண்வெளி ஆராய்ச்சியின் மதிப்பு யாது என்னும் வினாவுக்குத் தும்பாவைப் போல் விடை தரும் இடம் வேறில்லை. புவியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால், மேல்வளியில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய ஏற்ற இடமாகத் திருவனந்தபுரத்தை அடுத்த அந்த மீனவர் ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே புனித மகதலேனா மரியாள் கோயிலும், ஆயர் இல்லமும், மீனவர் குடியிருப்பும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஞாயிறு வழிபாட்டில் மக்களிடம் செய்தியைச் சொல்லி இசைவு பெற்றதை அப்துல் கலாம் எழுதியுள்ளார். கோயில் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ஆய்வு ஏவுகலம் எழுந்தது. ஏவுகல உறுப்பை மிதிவண்டியில் கொண்டு சென்ற படம் இன்றும் காணக் கிடைக்கிறது. 1981இல் ஆப்பிள் என்னும் செயற்கைக்கோள் மாட்டுவண்டிமேல் வைத்துச் சோதிக்கப்பட்ட படமும் அதற்கு இணையானது.

ஏழை நாட்டுக்கு ஏவுகலம் எதற்கு என்று அன்று கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். அது நேர்மையான வினா, ஏளனத்தால் ஒதுக்கத்தக்கதன்று. சாராபாய் அதனை ஒதுக்கவில்லை. வல்லரசுகளோடு நிலவுப் பந்தயம் ஓடுவது நோக்கமன்று, மனிதரின் உண்மையான இடர்களைத் தீர்ப்பதில் மேம்பட்ட தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் எவர்க்கும் பின்னிடலாகாது என்பதே நோக்கம் என்று விளக்கினார். அவ்விளக்கம் பொய்க்கவில்லை. 1988இல் தொடங்கிய தொலையுணர்வுச் செயற்கைக்கோள் வரிசை, நிலத்தடி நீர் இருக்குமிடம், ஏரிகளின் பரப்பு, பயிர் விளைவு ஆகியவற்றைக் காட்டியது. நிலம் குழிந்த இடமெல்லாம் நீரைத் தேக்குக, அவ்வாறு செய்தோரே உடம்பையும் உயிரையும் படைத்தோர் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் சொன்ன அறிவுரைக்கு, குழிந்த இடங்களை விண்ணிலிருந்து கண்டு சொல்லும் கண் பின்னாளில் கிடைத்தது எனலாம்.

1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் அதே கரையைப் பைலின் புயல் தாக்கியபோது முன்னரே பல இலட்சம் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர்; உயிரிழப்பு நூற்றுக்கும் கீழே நின்றது. செயற்கைக்கோள் கண்டது, கதிரலைக் கருவிகள் உறுதிசெய்தன, புயல் காப்பகங்கள் கட்டப்பட்டிருந்தன, அரசு அலுவலர் ஊர் ஊராகச் சென்று சொன்னார்கள். இவை நான்கும் சேர்ந்ததே வெற்றி.

நான்கில் ஒன்று குறைந்தால் நேர்வது என்ன என்பதை 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் காட்டியது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத் தென்கரையிலும் நூற்றுக்கணக்கான மீனவர் இறந்தும் காணாமலும் போயினர். வானில் கண் இருந்தது. நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கியிருந்த படகுகளுக்கு அக்கண் கண்டதைச் சொல்ல நா இல்லை. ஏவுதளத்துக்கு இடம்தந்து விலகிய மீனவர் வாழ்ந்த அதே கடற்கரைதான் அது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது. அதன்பின் செயற்கைக்கோள் வழியாக நடுக்கடற் படகுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் உருவாயின. அறிவு பிறந்த இடத்திலிருந்து அது வேண்டப்படும் இடம்வரை செல்லும் தொலைவு, சில வேளைகளில் புவியிலிருந்து நிலவுக்குள்ள தொலைவினும் பெரிது.

கவிஞர் அறிவித்த பயணம்

நிலவுப் பயணத்தை அறிவித்தவர் ஒரு கவிஞர். 2003 ஆகத்து 15 அன்று செங்கோட்டையிலிருந்து சந்திரயான் திட்டத்தை நாட்டுக்கு அறிவித்த அடல் பிகாரி வாச்பாய் இந்திக் கவிஞர். நெருக்கடி நிலைக்காலத்தில் சிறையிலிருந்து கவிதை எழுதியவர். அதே ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் கொலம்பியா விண்ணோடம் சிதைந்து கல்பனா சாவ்லா மறைந்தபோது, முந்தைய ஆண்டு ஏவப்பட்டிருந்த இந்திய வானிலைச் செயற்கைக்கோளுக்கு அவர் பெயரைச் சூட்டி அறிவித்தவரும் அவரே. இரங்கற்பா எழுதிக் கலைந்துவிடாமல், இரங்கலை ஒரு பணியாக விண்ணில் நிறுத்திய செயல் அது.

அறிவித்தவர் 2004இல் ஆட்சியை இழந்தார். சந்திரயான் 2008 அக்டோபர் 22 அன்றுதான் எழுந்தது. அப்போது தலைமை அமைச்சர் மன்மோகன் சிங். மாற்றுக் கட்சியார் தொடங்கிய பணி என்று அது கைவிடப்படவில்லை. ஏறத்தாழ 386 கோடி ரூபாய்ச் செலவில், கோவை மாவட்டத்துக் கோதவாடியில் பிறந்து தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற மயில்சாமி அண்ணாதுரையைத் திட்ட இயக்குநராகக் கொண்டு நிகழ்ந்த அப்பயணம், நிலவில் நீரின் மூலக்கூறுகள் இருப்பதை 2009இல் உலகுக்குத் தெரிவித்தது. வறண்டது என்று அறிவியலே எழுதிவைத்த நிலவைப் பற்றிய முடிவு மாற்றி எழுதப்பட்டது.

கவிஞரான இவ்வாட்சியாளரிடமும் குறை உண்டு. 2002ஆம் ஆண்டு குசராத்தில் கொடுமைகள் நிகழ்ந்தபின் அங்குச் சென்று, ஆள்வோர்க்கு உரிய அறம் எது என்று அவர் நினைவூட்டினார். சொல் சரியான சொல்லே. அச்சொல்லைச் செயல் தொடர்ந்து சென்றதா என்ற வினா அவர் மறைவுக்குப் பின்னும் மறையவில்லை. சொல்வன்மை உடையாரிடம் நாடு எதிர்பார்ப்பது சற்றுக் கூடுதலே. அவர்தம் சொல் பிறர் சொல்லினும் ஆழமாக நெஞ்சில் தங்குவதால், செயல் குறையும்போது அக்குறையும் ஆழமாகவே தங்குகின்றது.

இராமேசுவரத்து மாணவர்

அப்துல் கலாம் ஆட்சித்துறைத் தலைவர் அல்லர். 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவர். எனினும் இவ்வுரைப் பொருளின் இரு கூறுகளும் ஓருருவில் கூடியமைக்கு அவரினும் சிறந்த சான்று இல்லை. தும்பாவின் தொடக்க நாள்களிலேயே பணியாற்றியவர். தமிழில் கவிதை எழுதியவர். திருக்குறளை நாளும் ஓதியவர். 2007 ஏப்ரலில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது கணியன் பூங்குன்றனாரை முன்வைத்தே தொடங்கினார். எல்லைக்கோடுகளால் போரிட்டுச் சலித்து ஒன்றுபட்ட நாடுகளின் அவையில், எவ்வூரையும் தன்னூராகக் கண்ட புலவரை நினைவூட்டியது பொருத்தத்தின் உச்சம். கணியன் என்னும் சொல் காலத்தையும் வானையும் கணிப்பவனைக் குறிக்கும். வானைக் கணித்தவன் கண்ணுக்கு வேலிகள் சிறுத்துத் தோன்றியதில் வியப்பில்லை.

அவர் தோல்வியிலிருந்து கற்றவர். 1979 ஆகத்து 10 அன்று அவர் இயக்கிய முதல் எஸ்.எல்.வி. ஏவுகலம் வங்கக்கடலில் வீழ்ந்தது. அன்று இதழாளர் முன் நின்று பொறுப்பேற்றவர் நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். 1980 சூலை 18 அன்று ரோகிணி வெற்றியோடு சுற்றுப்பாதை அடைந்தபோது, இதழாளரைச் சந்திக்கக் கலாமை முன்னிறுத்தித் தாம் பின்னே நின்றவரும் அவரே. பழியைத் தான் ஏற்றுப் புகழைப் பிறர்க்கு அளித்த அத்தலைமையைக் கலாம் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். அவரும் சறுக்கியதுண்டு. 2005 மே திங்களில் மாசுகோவில் இருந்தபடி பிகார்ச் சட்டமன்றக் கலைப்புக்கு ஒப்பமிட்டார். அது அரசியலமைப்புக்கு முரண் என உச்சநீதிமன்றம் கூறியது. அப்போது பதவி விலகல் மடலை எழுதி ஆயத்தமாக வைத்திருந்ததைப் பின்னர்த் தம் நூலில் வெளிப்படுத்தினார். தவறு நேராமை பெரிதே. நேர்ந்ததை ஏட்டில் எழுதிவைத்தலும் சிறிதன்று.

சந்திரயான் நிலவைச் சுற்றுவதோடு அமையாது, நாட்டின் கொடி தாங்கிய சிறுகலம் ஒன்று நிலவில் இறங்கட்டும் என்று எண்ணம் தந்தவர் கலாம். அச்சிறுகலம் 2008 நவம்பர் 14 அன்று நிலவின் தென்முனைப் பகுதியில் மோதியது. அது நேரு பிறந்த நாள். அவ்விடத்துக்குச் சவகர் பெயரே வைக்கப்பட்டது. ஒரு கவிஞர் அறிவித்த பயணம், ஒரு தமிழ் மாணவர் தந்த எண்ணம், மகளுக்கு மடல் எழுதிய ஒரு தந்தையின் பெயர் ஆகிய மூன்றும் நிலவின் ஒரு புள்ளியில் கூடின. அம்மூவரும் ஒரே அரசியல் வழியினர் அல்லர். 2019 செப்டம்பரில் இரண்டாம் சந்திரயானின் தரையிறங்கி விழுந்து நொறுங்கியது; 2023 ஆகத்து 23 அன்று, விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த மூன்றாம் பயணம் அதே தென்பகுதியில் மெல்லத் தரையிறங்கியது.

இலக்கிய ஆட்சியாளரின் இயல்புகள்

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், இலக்கியம் அறிந்த ஆட்சியாளரிடம் எதிர்பார்க்கத்தக்க இயல்புகள் சில புலனாகும்.

முதலாவது, தம் ஆயுளுக்கு அப்பால் எண்ணும் இயல்பு. கவிஞன் தான் காணாத வாசகனுக்கு எழுதுகிறான். அவ்வழக்கம் உள்ள ஆட்சியாளர், தாம் பதவியில் இல்லாதபோது பழுக்கும் மரத்தை நட அஞ்சுவதில்லை.

இரண்டாவது, சொல்லின் அளவறிதல். ஏவுகலக் கணக்கில் ஓர் எண் பிறழ்ந்தால் கலம் கடலில் வீழும். ஆட்சியாளன் வாய்ச்சொல் பிறழ்ந்தால் தெருவில் தீ எழும். சொல்லை எடைபோடக் கற்ற கவிதைப் பயிற்சி இங்கே உயிர் காக்கும் பயிற்சியாகிறது.

மூன்றாவது, தோல்வியை மறையாமை. மூன்றாம் சந்திரயானின் வெற்றி, இரண்டாம் சந்திரயானின் பிழைகளை ஒளிக்காமல் ஆராய்ந்ததால் விளைந்தது. திருத்தி எழுதுதல் கவிஞர்க்குப் பழக்கம். அடித்தல் இல்லாத கையெழுத்துப் படியை எவரும் கண்டதில்லை. ஆட்சிக்கும் அப்பழக்கம் வேண்டும்.

நான்காவதும் முதன்மையானதும் செவியுடைமை. முன்னைய மூன்றும் ஒருவர் தாமே பெறக்கூடியவை. இந்நான்காவதற்குப் பிறர் துணை வேண்டும். நலங்கிள்ளியின் கவித்திறன் அவனைப் போரிலிருந்து தடுக்கவில்லை. தடுக்க முயன்றது கோவூர் கிழாரின் குரல். எழுத்தாளர் நேருவின் ஆட்சியிலும் பேச்சுக்கு வரம்பு வந்தது. ஆகவே ஆட்சியாளர் தாமே எழுத்தாளராக இருத்தல் நன்மையே ஆயினும் அதுவே காப்பு ஆகாது. தம்மைக் குறைகூறும் எழுத்தாளர் அச்சமின்றி வாழும் ஆட்சியே இலக்கிய ஆட்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறியபோது, பகைவரை வெல்லேனாயின் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர் என் நாட்டைப் பாடாது ஒழிக என்றான். புலவர் வாய் மூடுதலைத் தனக்கு நேரத்தக்க பெருங்கேடாக எண்ணிய அரசன் அவன். புலவர் வாய் மூடினால் நலம் என்று எண்ணும் ஆட்சியாளர் எந்நூற்றாண்டில் தோன்றினும், எவ்வளவு உயரத்துக்குக் கலம் செலுத்தினும், அவ்வேந்தனுக்குக் கீழ்ப்படியிலேயே நிற்பார்.

கவிஞர் கடன்

இறுதியாக எஞ்சுவது கவிஞரின் பங்கு. நிலவில் நீர் கண்டார்கள் என்றதும் வாழ்த்துப்பா எழுதுதல் எளிது, எழுதுவதும் முறையே. அந்த அறிவு நடுக்கடலில் இருக்கும் ஒரு படகுக்குச் சென்றதா என்று கேட்பதும் கவிஞர் கடனே. வானூர்தியையும் தேய்பிறையையும் பாடிய முதுகண்ணன் சாத்தனார், அவ்வுயரத்திலிருந்து இறங்கி வருந்தியோர்க்கு அருள்க என்று முடித்தார். உயர ஏறிய பாட்டு மண்ணில் வந்து நிற்க வேண்டும் என்பதே அவர் வகுத்த இலக்கணம்.

பத்தாண்டுக் காலம் திங்கள்தோறும் கூடி, ஒருவர் கவிதையை மற்றொருவர் கேட்டும், பாராட்டியும், முகத்துக்கு நேரே குறைசொல்லியும் வளர்கின்ற இலக்கிய வட்டம் எதுவாயினும், அது செவியுடைமையைப் பயிற்றும் சிற்றவை ஆகும். ஆளுவோர்க்கு வேண்டிய அப்பண்பு பேரவைகளில் முளைப்பதன்று; இத்தகைய சிற்றவைகளில் முளைத்து அங்கே செல்வதாகும். குறை கேட்டு முகம் சுளிக்காத கவிஞர் ஒருவர் வட்டத்தில் உருவானால், குறை கேட்கும் தலைவர் ஒருவருக்கு நாட்டில் இடம் உண்டாகிறது. வளர்ந்தும் தேய்ந்தும் வரும் திங்கள் அதனை எல்லார்க்கும் பொதுவாகக் காட்டியவாறே வானில் உலவிக்கொண்டிருக்கிறது.